மூன்று மணி வெயிலில் வீடு பாருங்கள்

ஒன்பது வருடங்களுக்கு முன்பு வில்லிவாக்கத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மூன்றாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடிதான். படுக்கையறைச் சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது. வேறென்ன வேண்டும் என்று அங்கேயே நின்று டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடியேறினோம்.

சித்திரையில்தான் உறைத்தது, அது மேற்குச் சுவர். மதியம் இரண்டு மணிக்கு அதன் மேல் விழுகிற வெயில் ஆறரை வரை நகராது. இரவு பதினோரு மணிக்குக் கையை வைத்தாலும் சுடும். தலைக்கு மேலே கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை விடிய விடியக் கக்கும். அம்மா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வாசல் படிக்கட்டுப் பக்கம் படுத்தார். அப்போது ஐந்து வயதான என் மகன் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு தூங்காமல் அழுதான். ஒரே கோடைதான். அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். மறுபடியும் புரோக்கர் கமிஷன், மறுபடியும் வண்டி வாடகை, மறுபடியும் அட்வான்ஸ்.

அன்றிலிருந்து எந்த வீட்டையும் நான் காலையில் போய்ப் பார்ப்பதில்லை. வீடு தேடும் நண்பர்களுக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். "வெயில் தாழட்டும் சார், சாயங்காலமா வாங்க" என்பார் புரோக்கர். வெயில் தாழ்வதற்கு முன்பே போய் நில்லுங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கடைசி மாடி என்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தரையில் வெள்ளை டைல்ஸோ சுண்ணாம்புப் பூச்சோ இருக்கிறதா, வெறும் கறுத்த சிமென்ட்டா என்று பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

24 வருடங்களில் இந்தச் சென்னைக்குள்ளேயே ஏழு முறை வீடு மாறியிருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் ஆரம்பித்து இப்போது மேடவாக்கம். ஒவ்வொரு முறையும் நாங்கள் அதிகம் கவலைப்பட்டது வண்டிக்கும் அட்டைப்பெட்டிக்கும் ஆள்கூலிக்கும்தான். அதெல்லாம் ஒரு நாள் பாடு. வீட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் பணத்தைத் திரட்டியதிலும் விட்ட பிழைகளைத்தான் வருடக்கணக்கில் சுமந்தோம். வீடு மாறுவதற்கான திட்டம் என்பது, வாசலில் வண்டி வந்து நிற்பதற்கு முந்தைய மூன்று மாதங்கள்.

பஞ்சாங்கமும் பள்ளிக்கூடமும்

ஏன் எல்லாரும் மே மாதத்தில் வீடு மாறுகிறோம்? ஆடியில் மாறமாட்டோம். மார்கழியில் மாறமாட்டோம். பங்குனி, ஆனி, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் திறக்கிறது. பஞ்சாங்கமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து சித்திரை, வைகாசி என்று இரண்டே மாதங்களைத்தான் மிச்சம் வைக்கின்றன. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. வருடத்தின் மிகக் கொடிய வெயிலில், மிக அதிகமான குடும்பங்கள், மிகக் குறைவான வண்டிகளுக்குப் போட்டி போடுகின்றன. கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது என்றும் நம்ப முடியாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லாத வீடு என்றால் தையும் மாசியும்தான் சரியான காலம். வெயில் ஏறியிருக்காது, மழை விட்டிருக்கும், வண்டிக்காரரும் நின்று பேசுவார். இன்னொரு வழி, ஆடியில் வீடு தேடுவது. ஆடியில் 'டு லெட்' பலகைகள் தொங்கிக்கொண்டே இருக்கும். பார்க்க ஆள் வராது. வீட்டுக்காரர்கள் வாடகையிலும் அட்வான்ஸிலும் இறங்கி வருகிற மாதம் அதுதான். ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சினால், ஐப்பசி மழைக்கு முன் வீடு ஒழுங்காகிவிடும். எங்கள் ஏழு இடமாற்றங்களில் நிம்மதியாக நடந்தது ஆவணியில் நடந்த ஒன்றுதான்.

ஒரே ஊர், பல வெயில்

சென்னை வெயில் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கோடையில் மதியம் நெருங்கும்போது கடற்காற்று கரையேறுகிறது. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் அது வந்து முகத்தில் படும் நேரத்தில் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரையேறத் தாமதமாகும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கடற்கரைக்கு அருகில் உள்ள நுங்கம்பாக்கத்தைவிடச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் கோடைப் பகலில் பெரும்பாலும் கூடுதலாகவே பதிவாகும். அதற்காகக் கடலோரம்தான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கே உப்புக்காற்று ஃப்ரிட்ஜ் கதவையும் ஏசி வெளிப்பெட்டியையும் ஜன்னல் கம்பியையும் தின்றுவிடும். வாடகையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும்.

ஆகவே ஏரியாவைவிட வீட்டின் திசையைப் பாருங்கள் என்பேன். கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் இருந்தால் மாலைக் காற்று உள்ளே வர வழி உண்டு. பக்கத்துக் கட்டடம் கை எட்டும் தூரத்தில் நின்றால் ஜன்னல் இருந்தும் பயனில்லை. மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் இன்னும் சில பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரை இருக்கிறது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. அப்படி ஒரு வீடு, ஒழுகாத நிலையில், கிடைத்தால் குளியலறை சிறியது என்று தயங்காதீர்கள்.

வெயிலைக் கேட்கும்போதே மின் மீட்டரையும் கேட்டுவிட வேண்டும். தனி மீட்டரா, வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா? மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் விலை கூடிவிடுகிறது. மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் இலவசமும் பங்காகிப் போகும், விலையும் மேல்படிக்குப் போகும். ஏசி இல்லாமல் இருக்க முடியாத மேற்குச் சுவர் வீட்டில், சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் ஒரு விலை வைத்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் கோடையில் போய்விடும்.

பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது

சென்னைக்காரர்கள் வீட்டைத் தேடும்போது இரண்டு தண்ணீரை விசாரிக்க வேண்டும். குழாயில் வராத தண்ணீர் ஒன்று, வாசலில் வந்து நிற்கும் தண்ணீர் இன்னொன்று.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். அந்த ரயில் வந்து நின்றது நாங்கள் முன்பு இருந்த வில்லிவாக்கத்தில்தான். அந்த வருடத்தை மறந்துவிட்டு வீடு பார்க்கிறோம். சம்ப் எத்தனை ஆயிரம் லிட்டர்? மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை மறக்க வேண்டாம். போர் தண்ணீர் உப்பா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. குளியலறைக் குழாயையும் ஷவரையும் பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பே சொல்லிவிடும். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடு என்றால், கோடையில் லாரித் தண்ணீருக்காகப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள். வாடகை வெளியில் தெரிகிற செலவு. இது உள்ளே ஒளிந்திருக்கிற செலவு.

வாசலில் வரும் தண்ணீருக்கு ஊரின் பெயர்களே சாட்சி. தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று பெயர் வைத்தவர்கள் நமக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு வெகு முன்பே அதன் பெரும்பகுதி மனைகளாகவும் சாலைகளாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். முடிச்சூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் மக்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பெரும்பாக்கமும் அதே பாட்டைப் பட்டன.

இதை யாரிடம் விசாரிப்பது? வீட்டுக்காரர் சொல்லமாட்டார், புரோக்கர் நிச்சயம் சொல்லமாட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். மேடவாக்கத்தில் நாங்கள் முதலில் பார்த்த வீடு அழகாக இருந்தது; புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எதிரே இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தபோது தன் வண்டிச் சக்கரத்தைக் காட்டி, இரண்டு மழையிலும் தண்ணீர் அதற்கு மேலே நின்றது என்றார். அந்தத் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி, மேட்டில் இருந்த பழைய வீட்டுக்குப் போனோம். கடந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை.

தூரத்தை மணியில் அளங்கள்

2011-ல் விரிந்தபோது சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலங்கள், 200 வார்டுகள் ஆனது. அதற்கு வெளியேயும் தாம்பரம், ஆவடி என்று தனி மாநகராட்சிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவு பரந்த ஊரில் 'பக்கம்தான் சார், பத்து கிலோமீட்டர்' என்பதற்கு அர்த்தமே இல்லை. திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் புது வீட்டு வாசலிலிருந்து அலுவலகம்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் 25 நிமிடம் என்று எழுதிக்கொண்டால், அந்த 25 நிமிடம் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்கு நடக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஸ்டேஷன் வரும் என்ற நம்பிக்கையில் வீடு பிடிக்கும்போது, அந்த இரண்டு வருடமும் எந்தத் தெரு வழியாகச் சுற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

குடும்பத்தில் பேருந்தில் போகிற பெண்கள் இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து அடிக்கடி வருகிற சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால், ஐந்நூறோ ஆயிரமோ வாடகை கூடுதலானாலும் அது லாபம்தான்.

தூரம் இன்னொரு வகையிலும் இருக்கிறது. பெரம்பூரை விட்டு மேடவாக்கம் வந்தபோது நான் அலுவலகத் தூரத்தை அளந்தேன், மனைவியின் சோழிங்கநல்லூர் தூரத்தை அளந்தேன், மகனின் பள்ளிக்கூடத்தை அளந்தேன். அம்மாவுக்கு எதையும் அளக்கவில்லை. பெரம்பூரில் அவருக்கு ஒரு பூக்காரம்மா இருந்தார். சர்க்கரை மாத்திரையை ஆளனுப்பிக் கொடுத்துவிடும் மருந்துக்கடைக்காரர் இருந்தார். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குச் சேர்ந்து போக நான்கு பேர் இருந்தார்கள். 72 வயதில் அதையெல்லாம் முதலிலிருந்து சேர்க்கச் சொன்னோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மாறுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை அவர்களைப் புதுத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். கோயில், டாக்டர், மருந்துக்கடை, உட்கார ஒரு திண்ணை எங்கே என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நாங்கள் செய்யத் தவறியது இது. அம்மா இன்னும் பெரம்பூர் வெற்றிலையைத்தான் நல்ல வெற்றிலை என்கிறார்.

அட்வான்ஸ் என்னும் பெரும்பாரம்

இப்போது பணத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பல காலப் பழக்கம். 18,000 ரூபாய் வாடகை என்றால் 1,80,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. முதல் மாத வாடகை இன்னொரு 18,000. வண்டி, ஆள், ஏசி கழற்றி மாட்டுவது, குழாய், திரைச்சீலை என்று கைச்செலவு தனி. சாவியைக் கையில் வாங்குவதற்கே இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் அந்த வீட்டைக் காலி செய்த பிறகுதான் வரும். புது வீட்டு அட்வான்ஸ் குடியேறுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் நடுத்தரக் குடும்பங்களின் நகைகள் அடகுக்கடைக்குப் போகின்றன. எங்கள் வீட்டிலும் போனது. மனைவியின் இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும். பெரம்பூர் வீட்டுக்காரர் பதினைந்து நாளில் தருவதாகச் சொன்ன அட்வான்ஸ் நான்கு மாதம் கழித்து வந்தது. பெயின்ட் அடிக்க என்று இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிபோனபோது அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டு வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. 'ஒப்புக்கொண்டால் ஒழிய' என்ற அந்தச் சொல்லுக்குள் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. வீடு வேண்டும் என்ற அவசரத்தில் எதைத்தான் நாம் ஒப்புக்கொள்ளவில்லை? இருந்தாலும் சட்டத்தில் மூன்று மாதம் என்று இருக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். எங்கள் மேடவாக்கம் வீட்டுக்கார அம்மா அப்படிப் பேசித்தான் ஆறு மாதத்துக்கு இறங்கி வந்தார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரிகளைக் கேட்டுச் சேருங்கள்: காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எந்த நாளில் கைக்கு வரும். குடியேறும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன், எல்லா அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மீட்டர் ரீடிங்கும் அதில் இருக்கட்டும். பழைய பாக்கி இருக்கிறதா என்று மின் இணைப்பு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்பார்கள். 'நீங்க என்ன ஆளுங்க' என்று நேராகவே கேட்பார்கள். என் அலுவலக நண்பர், முஸ்லிம், ஒரு கோடையில் 19 வீடுகள் பார்த்தார். தனியாக வாழும் பெண்ணுக்கும் இதே கதைதான். அவர்கள் மூன்று மணி வெயிலில் சுவரைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. கிடைத்த மேற்குச் சுவருக்குள் போய்ச் சேருகிறார்கள். இது அநியாயம். வீட்டை வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அநியாயம்.

வண்டி வரும் நாள்

இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் குட்டி யானையில் ஒரே நடையில் அடங்காது. 14 அடி வண்டி வேண்டும். தெருவுக்குள் அது திரும்புமா, தாழத் தொங்கும் ஒயரில் பீரோ இடிக்குமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தில் கேளுங்கள்; லிஃப்டில் சாமான் ஏற்ற நேரம் ஒதுக்கியிருப்பார்கள். போனில் பேசி முடித்த விலை பாதி வழியில் ஏறும். ஆள் நேரில் வந்து சாமானைப் பார்த்து, மாடி ஏற்றுக்கூலி உட்பட எழுத்தில் கொடுத்த விலைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

கட்டும் வேலையை இரண்டு வாரத்துக்கு முன்பே பரணிலிருந்து தொடங்க வேண்டும். பரணில் ஏறாமல் எந்த வீடும் காலியாகாது. கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்குகிறவரின் இடுப்பு போய்விடும். மூன்று வருடமாகத் திறக்காத மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, தேவையில்லை என்றால் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜை முந்தின இரவே அணைத்துத் துடைத்து வையுங்கள். நிமிர்த்தியே ஏற்றி, இறக்கிய பிறகு சில மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது. கேஸ் சிலிண்டரில் மூடி போட்டு நிழலில் வையுங்கள். பூட்டிய வண்டியில் வெயிலில் விடாதீர்கள். இன்சுலினும் மாத்திரைகளும் ஃபிளாஸ்கிலோ ஈரத்துணிப் பையிலோ உங்கள் கையோடு வரட்டும். சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் முதலில் போகட்டும். பால் காய்ச்சும் பாத்திரமும் தீப்பெட்டியும் அதே பையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை தீப்பெட்டி மட்டும் வண்டியின் அடியில் போய்விட்டது.

கேஸ், ஆவின் அட்டை, இன்டர்நெட் எல்லாம் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக முடிகிற காரியங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. அதைத் தள்ளிப் போட்டவர்கள் தேர்தல் நாளில் பழைய தெருவுக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

கடைசியாக, தூக்குகிறவர்களைப் பற்றி. மே மாதத்தில் ஒரு மனிதர் முதுகில் கயிறு கட்டி ஃப்ரிட்ஜை மூன்று மாடி இறக்கி, இன்னொரு வீட்டில் இரண்டு மாடி ஏற்றுகிறார். ஒரு நாளைக்கு இரண்டு வீடு பார்த்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொல்லியிருக்கிறது. உயிர் போகிற அளவுக்கு வெயில் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, பகல் 12 மணிக்கு ஏற்றத் தொடங்கி 'சீக்கிரம், சீக்கிரம்' என்று நிற்பது தவறு. காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள், பத்துக்குள் ஏற்றி முடியுங்கள். முடியாவிட்டால் நான்கு மணிக்கு மேல் இறக்கச் சொல்லுங்கள். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை என்றால், சாமி படத்தை அந்த நேரத்தில் வையுங்கள்; பீரோவுக்கு நல்ல நேரம் விடியற்காலைதான். ஒரு குடம் நீர்மோரில் உப்புப் போட்டு வையுங்கள். கூலி வண்டிக்காரர் வழியாகப் போகிறதா, அவர் கைக்கு வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் வாங்கிய அட்வான்ஸை மகள் கல்யாணத்துக்கோ வங்கிக் கடனுக்கோ செலவழித்துவிட்டு, அடுத்துக் குடிவருகிறவரிடம் வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. காலி செய்கிறவருக்கு இரண்டு நாள்கூட இல்லை. சாவியை வாங்கிக்கொள்ளும் அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் அன்று மாலைக்குள் இன்னொரு வீட்டு வாசலில் எண்ணி வைக்கப்பட வேண்டும்.